கூப்பிடக்கூடாத நாலு நாள்

பள்ளிக்கூடச் சுவரில் இருந்த சுவரொட்டியை லோர்னா நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். காகிதம் கிழிந்து வந்தது, டேப் வரவில்லை. காற்றுக்கும் பனிக்கும் அசையாத டேப்பாக வாங்க வேண்டும் என்று போன மாதம் அலுவலகத்தில் ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். இப்போது அந்த டேப் அவள் நகத்தைப் பெயர்த்தது, தான் மட்டும் பெயரவில்லை.

சுவரொட்டியில் இரண்டு கைகள் ஒரு காப்பிக் கோப்பையைப் பிடித்திருந்தன. கோப்பையில் பாதிதான் காப்பி. மீதி மேசையில் கிடந்தது. 'இது குடி அல்ல, இது எங்கள் ஆறு' என்று மேலே எழுதியிருந்தது. கீழே கொட்டை எழுத்தில் அவள் அண்ணனின் பெயர்.

அந்தப் பெயரை இப்போதைக்கு நானும் எழுதுவதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் டவுன் ஆஸ்பத்திரியில் அவன் மூச்சு நின்றுவிட்டது. சேதி வந்ததும் ஊர் மன்றத்துக்குப் பின்னால் தீ மூட்டிவிட்டார்கள். அது நாலு நாள் எரிய வேண்டும். அந்த நாலு நாளும் போனவன் நடந்துகொண்டிருப்பான். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். திரும்பினால் வழி தப்பும். பூர்வகுடிகளான எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சாவு விழுந்த வீட்டில் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, வாய்க்கு வந்த பெயரை விழுங்கிக்கொள்வோம். அண்ணன், புருஷன், மச்சான் என்று உறவை வைத்துச் சமாளித்துவிடலாம்.

பின்னால் வண்டி வந்து நின்றது. டேல் இறங்கி வந்தான். லோர்னாவின் அத்தை மகன், அவளைவிட இரண்டு மாதம் இளையவன். அலுவலகத்தில் படகு ஓட்டுகிறவனும் அவன்தான். தீ மூட்டினவனும் அவன்தான். கையில் வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்டுகிற தகடு இருந்தது.

"என்ன மேடம், வேலை எல்லாம் மும்முரமா நடக்குது?"

அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான். அத்தை மகனுக்கு அந்த உரிமை உண்டு. சாவு வீட்டிலும் உண்டு.

"தீயை விட்டுட்டு எங்கடா வந்தே?"

"பெரியப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு. தீ எங்கியும் ஓடிடாது. தள்ளு, நீ நகத்துல பிச்சா கிறிஸ்துமஸ் வரைக்கும் பிப்பே."

தகட்டை வைத்து நாலு இழுப்பு இழுத்தான். சுவரொட்டி சுண்ணாம்போடு சேர்ந்து வந்தது.

"இவ்வளவு நல்ல டேப் ஆஸ்பத்திரியில இருந்திருந்தா மச்சான் கையில ஊசியாவது நின்னிருக்கும்," என்றான்.

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வாரம் முழுக்க அண்ணனின் கை ஆடின ஆட்டத்தில் ஊசி நிற்கவே இல்லை. நர்ஸ் வந்து வந்து குத்திவிட்டுப் போனாள். சிரித்த மறுகணமே சிரித்ததற்காக அவள்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது நம்ம ஊரு, சுரண்டிடலாம்," என்று டேல் காகிதத்தைக் கசக்கினான். "டொராண்டோல நானூறு பேர் இதே படத்தை அட்டையில ஒட்டித் தூக்கிட்டு நிக்கப் போறாங்களே செவ்வாக்கிழமை, அதை யார் சுரண்டறது?"

ஆஸ்பத்திரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்த வழியெல்லாம், அண்ணனின் செருப்பை எந்தப் பையில் வைத்தோம் என்ற ஒன்றைத்தான் அவள் யோசித்துக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

செவ்வாய் என்றால் மூன்றாம் நாள்.

*

அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சக்கரம் கழற்றிய ஒரு டிரெய்லர், இரண்டு அறை, ஒரு அச்சு இயந்திரம். ஆற்றுரிமை மையம் என்று பெயர்ப்பலகை. மேலே எண்பது மைலுக்கு அப்பால் இருந்த காகித ஆலை எங்கள் ஆற்றில் பாதரசத்தைக் கொட்டி ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஆலையை மூடிவிட்டார்கள். ஆற்றை மூட முடியாதே. தண்ணீரையும் மீனையும் ஆட்களின் முடியையும் புட்டியில் போட்டு ஆய்வுக்கு அனுப்புவது, வருகிற தாள்களை அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டுவது, இதுதான் மையத்தின் வேலை. நடத்துகிறவள் மெரிடித். டொராண்டோக்காரி, வெள்ளைக்காரி. ஒரு கோடைக்கு வந்தவள் பதினோரு வருஷமாக இங்கேயே கிடக்கிறாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை, ஒரு கதவைச் சாத்தினால் தீர்ந்தது.

லோர்னாவின் அண்ணனுக்குப் பதினாலு வயதில் வேலை கிடைத்தது. தெற்கிலிருந்து மீன் பிடிக்க வருகிற கனவான்களைப் படகில் கூட்டிப்போகிற வேலை. மத்தியானம் கரையில் அடுப்பு மூட்டி, பிடித்த பிக்கரல் மீனைப் பன்றிக் கொழுப்பில் பொரித்துப் போட வேண்டும். கனவான்கள் வருஷத்துக்கு ஒரு வாரம் சாப்பிட்டார்கள். அவன் முப்பது வருஷம் சாப்பிட்டான். நாற்பது வயதில் கை ஆடத் தொடங்கியது. பிறகு கண் பார்வை இரண்டு பக்கமும் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆயிற்று. பிறகு நடை தள்ளாடியது. டவுனில் போலீஸ்காரன் இரண்டு தடவை குடிகாரன் என்று பிடித்து உட்காரவைத்தான். குடியை விட்டு அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது.

இன்னாருக்கு வந்த வியாதி ஆற்றால் வந்ததுதான் என்று ஒப்புக்கொள்வதற்கு ஒரு வாரியம் இருக்கிறது. அண்ணன் மூன்று தடவை எழுதிப் போட்டான். மூன்று தடவையும் அவன் முழுப் பெயரையும் அழகாக அச்சடித்துப் பதில் வந்தது: 'தங்கள் அறிகுறிகள் வேறு காரணங்களாலும் ஏற்பட்டிருக்கக்கூடும்.' மூன்றாவது கடிதம் வந்தபோது அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். லோர்னா அதைப் படித்துக் காட்டவில்லை. வராந்தாவில் நின்று தானே படித்தாள்.

அந்த நேரம் பார்த்து மெரிடித் பக்கத்தில் இருந்தாள். "லோர்னா, இப்பக் கேக்கக்கூடாதுதான்... டொராண்டோ ஊர்வலத்துக்கு முன்னாடி ஏதாவது ஆயிட்டா, அவர் பேரையும் படத்தையும் வெச்சுக்கலாமா?" என்று படிவத்தை நீட்டினாள்.

படிவமும் லோர்னா செய்ததுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ பத்திரிகைக்காரன் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்காமல் படம் பிடித்து அட்டையில் போட்டபோது, சண்டை போட்டு அவள் கொண்டுவந்த விதி அது. குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போடாமல் யார் பெயரும் படமும் வெளியே போகக்கூடாது. கட்டம் கட்டமாக யோசித்துச் செய்திருந்தாள். படத்துக்கு ஒரு கட்டம், குரலுக்கு ஒரு கட்டம், பிள்ளைகளுக்குத் தனிக் கட்டம். 'மரணத்துக்குப் பிறகும்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அன்று அவள் போட்ட குறியில் காகிதம் கிழிந்தது. அத்தனை ஆத்திரம். நாலு நாள் என்பது அவளுக்கு நினைவே வரவில்லை. இந்த ஊரில் பிறந்தவள், படிவம் செய்தபோதும் அதற்கென்று ஒரு கட்டம் வைக்கத் தோன்றவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எவள் எழுதி வைப்பாள்?

இன்னொன்றும் உண்டு. கையெழுத்துப் போட வேண்டியவள் அண்ணி யுவோன். அவளைக் கேட்டால் மாட்டேன் என்பாள். அதனால்தான் லோர்னா கேட்கவில்லை.

*

அன்று சாயங்காலம் டிரெய்லர் படியில் உட்கார்ந்து மெரிடித்துக்குப் போன் போட்டாள். டொராண்டோவில் மெரிடித் இருந்த இடத்தில் ஒரே இரைச்சல். அட்டைகளைக் கம்பில் அடித்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. சேதியைக் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அவள் அழுது முடித்திருந்தாள்.

"நாலு நாள் இருக்கு மெரிடித்."

"தெரியும்." சுத்தியல் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தாள். "தெரியும் லோர்னா. அதனாலதான் அன்னிக்கே உன்னைக் கேட்டேன். நீ குறி போட்டுக் குடுத்தே."

"அப்போ எனக்கு இது தோணலை."

"எனக்குத் தோணிச்சு. நீ யோசிச்சுத்தான் போடறேன்னு நினைச்சேன்."

"வியாழக்கிழமைக்கு மாத்து."

"அமைச்சர் புதன்கிழமை வெளிநாடு போறாரு. ஒம்பது வருஷத்துல முதல் தடவையா சட்டசபைப் படிக்கு வந்து நிக்கறேன்னு ஒத்துக்கிட்டிருக்காரு. பத்து நிமிஷம். அவர்கிட்ட 'பாதிக்கப்பட்ட மக்கள்'னு சொன்னா 'ஆமாம் பாவம்'னுட்டு உள்ள போயிடுவாரு. ஒரு ஆளோட பேரைச் சொல்லி, மூணு கடிதத்தையும் கையில குடுத்தா பதில் சொல்லித்தான் ஆகணும். நானூறு பேர் ஒரே குரல்ல அந்தப் பேரைச் சொல்லப் போறாங்க. இது உனக்குத் தெரியாததா? நீ எழுதின திட்டம்தானே?"

"எரியற வீட்ல பிடுங்கினது லாபம்னு பாக்கறியா நீ?"

மெரிடித் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் லோர்னாவுக்கு இன்னும் எரிந்தது.

"வேண்டாம்னு நீ சொல்லு, நான் நிறுத்திடறேன். ஆனா எழுத்துல குடு. அந்த விதியும் உன்னோடதுதான். செவ்வாக்கிழமை காலையில பத்து மணி வரைக்கும் டைம் இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். லோர்னா சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

ஏனென்றால் அவளுக்கு அந்தப் பெயரைக் கத்த வேண்டும். வேறு யாரையும்விட அவளுக்குத்தான் கத்த வேண்டும். அந்தக் கல் படியில் ஏறி நின்று, அமைச்சரின் சட்டைக் காலரைப் பிடிக்கிற தூரத்தில், அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். வேறு காரணம், வேறு காரணம் என்று எழுதினாயே, எந்தக் காரணம்டா என்று கேட்க வேண்டும். நாலு நாள் நடக்கிற வழியைப் பற்றி நினைத்தால் பயம் வந்தது. கடிதத்தைப் பற்றி நினைத்தால் வயிறு எரிந்தது. பயத்தைவிட எரிச்சல்தான் கூடுதலாக இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

*

திங்கட்கிழமை மத்தியானம் உடல் வந்தது. மன்றத்தின் நடுவில் பெட்டியை வைத்தார்கள். தனியாக விடக்கூடாது என்பதால் முறைவைத்து உட்கார்ந்தார்கள். சமையலறையில் மூஸ் மான் கறி கொதித்தது. ரொட்டி மாவு பிசைகிற பெண்கள் யாருடைய மகனுக்கு எந்த ஊரில் பெண் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தீக்குப் போகிறவர்கள் ஒரு சிட்டிகைப் புகையிலையை எடுத்துப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

போனவனுக்கு வேளைக்கு வேளை ஒரு தட்டுச் சாப்பாடு தீயில் வைக்க வேண்டும். அவனுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். யுவோன் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சட்டியில் கொழுப்பு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில் இரண்டு பிக்கரல், தோல் உரித்து மாவில் புரட்டியது.

"யார் பிடிச்சது அண்ணி?" என்று லோர்னா கேட்டாள்.

"டேல். காலையில. நான்தான் பிடிச்சிட்டு வரச் சொன்னேன்."

"நம்ம ஆத்துலயா?"

"வேற எந்த ஆத்துல?"

விறகை உள்ளே போட வந்த டேல் வாசலில் நின்றான். "கடையில உறைஞ்ச மீன் பெட்டி இருந்துச்சு. எங்கியோ கடல்ல பிடிச்சது. அதை வெச்சா மச்சான் தட்டைத் திருப்பி என் மூஞ்சியிலயே வீசுவான்," என்றான். "இனிமே இது அவனை என்ன பண்ணிடப் போகுது?"

யுவோன் மீனைக் கொழுப்பில் போட்டாள். சமையலறை முழுக்க அந்த வாசனை ஏறியது. பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஊரில் இந்த வாசனை எழுந்து ரொம்ப நாளாகிவிட்டது. எல்லாருக்கும் நாவில் நீர் ஊறியது. எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

லோர்னா அப்போதுதான் சொன்னாள். சொல்வதற்கு வேறு நேரமே கிடைக்காதது போல, மீன் ஒரு பக்கம் சிவக்கிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். படிவம், குறி, நானூறு பேர், நாளைக்குப் பதினோரு மணி.

யுவோன் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"என்னை ஏன் கேக்கலை?"

"நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு."

"தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே."

"ஆமா."

"அந்தக் கை படத்தை எடுக்கறப்போ அவர் என்ன சொன்னாரு தெரியுமா? உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாரு. 'தங்கச்சி கேக்குது, என்ன பண்றது, மூஞ்சி வேண்டாம், கையை மட்டும் எடுத்துக்கட்டும்'னாரு. ஒரு வருஷம் கடைக்குப் போகலை, அந்தக் கையைப் பாக்கெட்ல விட்டுட்டே சுத்தினாரு." யுவோன் குரலை உயர்த்தவே இல்லை. "பதினாலு வயசுலேர்ந்து ஆளாளுக்கு அவரைக் கூப்பிட்டாங்கடி. மீன் பிடிக்க வந்தவன் கூப்பிட்டான். போலீஸ் கூப்பிட்டான். டாக்டர் கூப்பிட்டான். வாரியத்துல வா வான்னு கூப்பிட்டு, அந்தக் கையை நீட்டச் சொல்லி, மூக்கைத் தொடச் சொல்லி, நேர்க்கோட்டுல நடக்கச் சொல்லிப் பாத்துட்டு, போடான்னு அனுப்பினான். நீயும் உன் ஆபீசும் கூப்பிட்டீங்க. அவரும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாரு. ஒரு நாலு நாள். யாரும் கூப்பிடாம ஒரு நாலு நாள் அந்த மனுஷன் நடந்து போகட்டும்னா, அதுக்கும் உங்களுக்குப் பொறுக்கலை."

லோர்னா வாயைத் திறந்தாள். அமைச்சர், ஒன்பது வருஷம், பத்து நிமிஷம் என்று நாவின் நுனியில் எல்லாம் வந்து நின்றது. மாவு ஒட்டிய தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

"அந்தாளுங்களுக்கு உறைக்கட்டும்னு எனக்கு ஆசை இல்லைன்னு நினைக்கறியா? எனக்கும் வயிறு பத்திக்கிட்டுத்தான் எரியுது," என்றாள் யுவோன். மீனைத் தட்டில் எடுத்து வைத்தாள். ரொட்டி ஒன்றைப் பிட்டு வைத்தாள். "நீ போட்ட கையெழுத்து. நீயே அழி. அழிக்கலைன்னா நாளைக்கு என் மூஞ்சில முழிக்காதே."

தட்டை எடுத்துக்கொண்டு தீயிடம் போனாள்.

*

செவ்வாய் காலை எட்டு மணிக்கு லோர்னா டிரெய்லரைத் திறந்து, அவள் செய்த விதியின்படி, எழுத்தில் எழுதி அனுப்பினாள். இரண்டு வரி. குடும்பம் அனுமதியைத் திரும்பப் பெறுகிறது. பெயரும் படமும் எங்கும் வரக்கூடாது. அனுப்புகிற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழுத்தின பிறகு மேசையில் இருந்த காப்பிக் கோப்பையை எடுத்துச் சுவரில் எறிந்தாள். துண்டுகளைப் பொறுக்கிவிட்டு மன்றத்துக்குப் போனாள்.

மெரிடித்திடமிருந்து ஒரே சொல் வந்தது. சரி.

பதினோரு மணிக்கு டேல் சமையலறை மேசையில் ஒரு உப்பு டப்பாவுக்குச் சாய்த்துப் போனை நிறுத்தினான். பெண்கள் சுற்றி நின்றார்கள். யுவோன் பெட்டியின் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். போன் திரைக்குள்ளே குட்டியாக அந்தக் கல் படி தெரிந்தது. நானூறு பேர் இருந்தார்கள். அட்டைகளையெல்லாம் திருப்பிப் பிடித்திருந்தார்கள். வெறும் பழுப்பு அட்டையாக நானூறு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முன்வரிசையில் நின்றார்கள், இருபது மணி நேரம் பஸ்ஸில் போன முகங்கள்.

"ராத்திரி பூரா உக்காந்து அட்டை அடிச்சுதுங்க, பாவம்," என்றான் டேல்.

அமைச்சர் வந்தார். நீளமான கறுப்புக் கோட்டு, நல்ல முடி. மெரிடித் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை இந்த மக்கள்ல ஒருத்தர் இறந்துட்டாரு. உங்க வாரியம் அவரை மூணு தடவை திருப்பி அனுப்பிச்சு. அவர் ஊர்ல நாலு நாள் இறந்தவர் பேரைச் சொல்லமாட்டாங்க. அதனால இன்னிக்கு நாங்களும் சொல்லப் போறதில்லை."

அமைச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார். சாவு வீட்டுக்கு வந்தவர்போல ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"என் ஆழ்ந்த அனுதாபம்," என்றார். "அந்தக் குடும்பத்துக்கு நேராவே சொல்ல ஆசைப்படறேன். அவர் பேர் என்ன?"

காற்று ஒலிவாங்கியில் மோதுகிற சத்தம் மட்டும் வந்தது.

"பேர் தெரிஞ்சா அவர் ஃபைலை இன்னிக்கே எடுத்துப் பாக்கச் சொல்லுவேன்," என்றார் அமைச்சர். நிஜமாகவே உதவ நினைக்கிறவரின் குரல். "குறிப்பா ஒருத்தரைச் சொன்னாத்தானே நான் ஏதாவது பண்ண முடியும்? பொதுவாச் சொன்னா எப்படி?"

முன்வரிசையில் ஒரு பெண் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். மெரிடித்தின் கழுத்து நரம்பு புடைத்தது இவ்வளவு சின்னப் படத்திலும் தெரிந்தது. அவள் சொல்லிவிடுவாள் என்று லோர்னா நினைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். மெரிடித் சொல்லவில்லை.

அமைச்சர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உங்கள் மரபுகளை நான் மதிக்கிறேன் என்றார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் போயிருந்தது. கண்ணாடிக் கதவு அவருக்குத் தானாகவே திறந்தது.

மூன்று தடவை அச்சடித்து அனுப்பியவர்களுக்குப் பெயர் தெரியாது.

லோர்னா வெளியே போய் விறகுக் குவியலிலிருந்து கோடாரியை எடுத்தாள். வெட்டினாள். வெட்ட வேண்டிய விறகு இல்லை, டேல் ஒரு வாரத்துக்கு வெட்டி அடுக்கியிருந்தான். வெட்டினதையே மறுபடி வெட்டினாள். கையளவு துண்டுகளை விரலளவாக ஆக்கினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. பல்லை இறுக்கிக்கொண்டாள். தாடை வலித்தது. அமைச்சர்மேல் கோபம், வாரியத்தின்மேல் கோபம், ஆலையை மூடிக்கொண்டு போனவன்மேல் கோபம், கையெழுத்துப் போட்ட தன் கைமேல் கோபம். கொஞ்சம் அண்ணன்மேலும் கோபம். செத்ததுதான் செத்தாய், ஒரு புதன்கிழமை செத்திருக்கக்கூடாதா?

டேல் வந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பல்லு குத்தற குச்சியா பண்றே? ஊருக்கே ஆகும்."

"போடா அந்தப் பக்கம்."

"போறேன். கோடாரியைக் குடு, போறேன்."

அவள் கொடுக்கவில்லை. அவனும் போகவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் வெட்டிப் போட்ட சிராய்களைப் பொறுக்கிப் பொறுக்கித் தீயில் போட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் யுவோன் ஒரு கிண்ணம் கறியைக் கொண்டுவந்து லோர்னாவின் பக்கத்தில் வைத்தாள். கிண்ணத்தில் கறி நிறைய இருந்தது.

புதன்கிழமை அடக்கம். தூறல் போட்டது. ஆண்கள் முறைவைத்து மண் தள்ளினார்கள். பாதிரியாருக்கு முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவரும் ஜெபத்தில் 'எங்கள் சகோதரன்' என்று மட்டுமே சொன்னார். பஸ்ஸில் திரும்பி வந்த பிள்ளைகள் தூங்காத கண்களோடு கடைசியில் நின்றார்கள். மெரிடித்தும் வந்திருந்தாள். வேலி ஓரத்திலேயே நின்றவளை யுவோன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து குழிப்பக்கம் நிறுத்தினாள். லோர்னா அவளோடு பேசவில்லை. பேசினால் இரண்டு பேரில் யாராவது ஒருவர் உடைந்துபோவார்கள் என்று தோன்றியது.

*

வியாழக்கிழமை விடிந்தபோது டேல் தீக்கு விறகு போடவில்லை. தண்ணீர் ஊற்றி அணைப்பதில்லை, அதுவாக அடங்க வேண்டும். எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு சாம்பலுக்குள் இறங்கிக்கொண்டே வந்தது. ஏழு மணி சுமாருக்கு டேல் குச்சியால் கிளறிப் பார்த்தான். பெரியப்பா தலையசைத்தார். முடிந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. இனிமேல் சொல்லலாம். நாலு நாளாக விழுங்கியதை யார் முதலில் சொல்வது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டொராண்டோ எங்களுக்கு ஒரு மணி நேரம் முந்தியது. எல்லாவற்றிலும் அப்படித்தான். வாரியத்தில் அங்கே எட்டரைக்குப் போன் எடுப்பார்கள். இங்கே ஏழரை. லோர்னா போனை எடுத்து எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி முழங்காலில் வைத்தாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றது. அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள். இன்னும் காலைக் காப்பி குடித்து முடிக்காத குரல்.

"வணக்கம், எந்தக் கோப்பு விஷயமா கூப்பிடறீங்க? பேர் சொல்லுங்க."

லோர்னா போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆர்லன் ஜோசப் அனிமிக்வான்," என்றாள்.

வட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இருக்கு. மூணாவது விண்ணப்பம், நிராகரிச்சாச்சு. நீங்க?"

"ஆர்லன் ஜோசப் அனிமிக்வானோட தங்கச்சி."

"மன்னிக்கணும், விதிப்படி விண்ணப்பதாரர்கிட்ட மட்டும்தான் நாங்க பேச முடியும். அவரையே கூப்பிடச் சொல்றீங்களா?"

யுவோன் கம்பளியை உதறிவிட்டு எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஆர்லன் ஜோசப் அனிமிக்வானோட பொண்டாட்டி பேசறேன்," என்றாள். "அமைச்சர் பேர் கேட்டாரு. எழுதிக்கோ. நான் மெதுவாச் சொல்றேன்."

டேல் சாம்பல் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தன் போனை வெளியே எடுத்தான். அவனுக்குப் பின்னால் பிள்ளைகளும் எடுத்தார்கள். பெரியப்பா பையைத் தட்டிப் பார்த்து, மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேடினார். மன்றத்து வேலிக்குப் பக்கத்திலிருந்து மெரிடித் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"அந்த நம்பர் என்ன?" என்று டேல் கேட்டான்.

லோர்னா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.